குழந்தைகளின் மூளைத் தமனியில் சிக்கலான குமிழ்: அறுவை சிகிச்சை குறித்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

குழந்தையின் மூளைத் தமனியில் அனியூரிசம் இருக்கிறது என்றும், அது எளிதில் கையாளக்கூடிய வகையைச் சேர்ந்தது அல்ல என்றும் மருத்துவர் சொல்லக் கேட்ட பெற்றோருக்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. அந்தச் செய்தியைக் கேட்ட மறுநிமிடம் மருத்துவர் சொல்லும் வேறெதுவும் மனத்தில் பதிவதில்லை. வீட்டுக்கு வந்தபின், அல்லது ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்திருக்கும்போது, நிதானமாக வாசித்துக்கொள்ள இது உதவ வேண்டும் என்பதே விருப்பம். உங்கள் குழந்தைக்கு என்ன செய்வது என்பதை அதன் படங்களைப் பார்த்த மருத்துவர்கள்தான் முடிவு செய்ய முடியும்.

அனியூரிசம் என்பது மூளை வீக்கமா?

இல்லை. மூளை வீக்கம் என்று நாம் வழக்கமாகச் சொல்வது, மூளைத் திசுவில் நீர் சேர்ந்து அது பருத்துப்போவதை. அனியூரிசம் என்பது வேறு. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியின் சுவர் ஓரிடத்தில் நலிந்து, உள்ளே ஓடும் இரத்தத்தின் அழுத்தத்தால் வெளிப்புறமாகப் புடைத்துக்கொள்கிறது. பழைய சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கும்போது மெலிந்த இடம் மட்டும் புடைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதைப் போன்றது. குழப்பம் வராமல் இருக்க இங்கே அதைக் குமிழ் என்றே குறிப்பிடுகிறோம். குமிழ் தமனியோடு சேரும் இடத்தைக் கழுத்து என்பார்கள். அந்தக் கழுத்து குறுகலாக இருக்கிறதா, அகலமாக இருக்கிறதா என்பதைப் பொறுத்தே சிகிச்சையின் பெரும்பகுதி அமைகிறது.

கைக்குழந்தைகளுக்கு வரும் 'கேலன் சிரை' என்ற பிறவிக் கோளாறையும் முன்பு அனியூரிசம் என்றே அழைத்து வந்தார்கள். அது தமனிகளின் இரத்தம் நேரே சிரைக்குள் பாய்வதால் ஏற்படும் வேறொரு நோய். அதற்கான சிகிச்சையும் வேறு என்பதால், அறிக்கையில் அந்தப் பெயர் இருந்தால் கீழே உள்ளவை உங்கள் குழந்தைக்குப் பொருந்தாது.

எந்தக் குமிழைச் 'சிக்கலானது' என்கிறார்கள்?

2.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள குமிழை ராட்சதக் குமிழ் என்பார்கள். ஆனால் அளவு ஒன்று மட்டும் சிக்கலைத் தீர்மானிப்பதில்லை. கழுத்தே இல்லாமல் தமனி முழுச் சுற்றளவிலும் கதிர்க்கோல் போல விரிந்திருக்கலாம். தமனிச் சுவரின் அடுக்குகள் பிளந்து அதற்கிடையே இரத்தம் புகுந்திருக்கலாம். பேச்சையோ கைகால் அசைவையோ காக்கும் ஒரு கிளைத் தமனி குமிழின் உடலிலிருந்தே புறப்படலாம். உள்ளே பழைய இரத்தக்கட்டி இறுகியிருக்கலாம். மூளைத்தண்டுக்கு முன்னால், எட்டுவதற்கு அரிய ஆழத்தில் குமிழ் அமைந்திருக்கலாம். முன்பு சிகிச்சை செய்தும் மீண்டும் வளர்ந்ததாக இருக்கலாம். இவற்றில் ஒன்று இருந்தாலே வழக்கமான முறையில் அதை மூடிவிட முடியாது.

பெரியவர்களுக்கு வருவதும் குழந்தைகளுக்கு வருவதும் ஒன்றுதானா?

பெயர் ஒன்று, நோயின் போக்கு வேறு. மூளைத் தமனிக் குமிழ்கள் அனைத்திலும் குழந்தைகளுக்கு வருபவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. பெரியவர்களில் பெண்களிடம் அதிகம், குழந்தைகளில் ஆண் பிள்ளைகளிடம் அதிகம். பெரியவர்களுக்குப் பல ஆண்டு உயர் இரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும் தமனியை நலியச் செய்கின்றன. குழந்தையிடம் அத்தகைய நீண்ட தேய்மானத்துக்கு நேரமே இருந்திருக்காது என்பதால், தமனிச் சுவரிலேயே ஏதோ குறை இருந்திருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் தேடத் தொடங்குவார்கள். கழுத்து வழியாக ஏறும் உள் கரோட்டிட் தமனி மூளைக்குள் இரண்டாகப் பிரியும் இடத்திலும், மூளையின் பின்பகுதித் தமனிகளிலும் குழந்தைகளுக்குக் குமிழ் வருவது ஒப்பளவில் அதிகம். ராட்சதக் குமிழ்களும், தமனி பிளந்து உண்டாகும் குமிழ்களும் அப்படியே. எனவே சிக்கலான குமிழ் என்பது பெரியவர்களிடம் சிறுபான்மை. குழந்தைகளிடம் அதை அடிக்கடி எதிர்பார்த்தே மருத்துவர்கள் படங்களைப் பார்க்கிறார்கள்.

நாங்கள் ஏதேனும் தவறு செய்துவிட்டோமா?

இல்லை. கருவுற்றிருந்தபோது உண்டதோ, உண்ணாததோ, குழந்தையை அதட்டியதோ, அழவிட்டதோ இதற்குக் காரணம் அல்ல. பெரும்பாலான குழந்தைகளில் காரணம் இன்னதென்று கண்டறிய முடிவதில்லை. சிலருக்கு இணைப்புத் திசுவைப் பாதிக்கும் எலர்ஸ் டான்லோஸ் நோயின் இரத்தக்குழாய் வகை, சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் உண்டாகும் மரபு நோய், பெருந்தமனி பிறவியிலேயே குறுகியிருத்தல் போன்றவை அடிப்படையாக இருக்கும். அரிவாள் செல் சோகையும் அத்தகைய ஒரு காரணம். இந்தியாவில் அந்நோய் முதன்முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடையேதான். ஆகவே அம்மலைப் பகுதிக் குடும்பங்கள் இதை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். பலத்த தலைக்காயத்துக்குப் பின்னும், இதய வால்வில் கிருமித்தொற்று ஏற்பட்ட பின்னும் குமிழ் தோன்றலாம். மருத்துவர் துருவித் துருவிக் கேட்பது உங்களைக் குற்றம் சாட்டுவதற்காக அல்ல. காரணம் தெரிந்தால் சிகிச்சையே மாறும்.

எந்த அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

நொடிப்பொழுதில் உச்சத்தை எட்டும், இதுவரை அறியாத கடும் தலைவலி. அதோடு வாந்தி, கழுத்து விறைப்பு, வலிப்பு, மயக்கம் இவற்றில் ஏதேனும் சேர்ந்தால் குமிழ் கசிந்திருக்கக்கூடும். ஒரு பக்கக் கண்ணிமை திடீரெனத் தொங்கி, அந்தக் கண்ணின் பாவை மட்டும் விரிந்து நிற்பதும், ஒரு கை அல்லது கால் சோர்வதும் அவசரமே. பேசத் தெரியாத கைக்குழந்தை தலை வலிக்கிறது என்று சொல்லாது. ஓயாமல் அழுவது, பால் குடிக்க மறுப்பது, வலிப்பு, உச்சிக்குழி புடைத்து இறுகுவது, எழுப்பினாலும் கண் திறவாமல் துவளுவது ஆகியவையே அதன் மொழி.

குழந்தைகளுக்கு வரும் தலைவலிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த நோயால் வருபவை அல்ல. ஆனால் மேலே சொன்னது போன்ற தலைவலி வந்தால் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துக் காலை வரை பொறுக்க வேண்டாம். வெடித்த குமிழ் மறுபடி கசியும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணை அழையுங்கள்.

என்னென்ன பரிசோதனைகள் செய்வார்கள்?

முதலில் சி.டி. ஸ்கேன், இரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்க. பிறகு இரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் அல்லது எம்.ஆர். ஆஞ்சியோகிராம். அறுவை சிகிச்சையைத் திட்டமிடுவதற்குப் பெரும்பாலும் தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி மூளைத் தமனிகளைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் தேவைப்படும். சிறு குழந்தைகளுக்கு இதை முழு மயக்கத்தில் செய்வார்கள். தமனிகள் படத்தில் தெரிவதற்காகச் செலுத்தும் சாயத்தின் அளவு எடைக்கேற்பக் கணக்கிடப்படும்.

ஒரு தமனியை நிரந்தரமாக மூட வேண்டியிருக்குமானால், பலூனால் அதைச் சில நிமிடங்கள் அடைத்து, மற்றத் தமனிகள் ஈடுகொடுக்கின்றனவா என்று சோதிப்பார்கள். பெரியவரிடம் விழித்த நிலையில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இதைச் செய்யலாம். மயக்கத்தில் இருக்கும் ஐந்து வயதுக் குழந்தை கையைத் தூக்கிக் காட்டாது. மூளை மின்னலைகளையும் படத்தில் இரத்தம் வடியும் வேகத்தையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். அதனால் சிறு குழந்தைகளில் இச்சோதனையின் முடிவைக் கூடுதல் எச்சரிக்கையுடன் எடுத்துக்கொள்வார்கள்.

திறந்த அறுவை சிகிச்சையா, குழாய் வழிச் சிகிச்சையா? எது நல்லது?

எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்கு இல்லை. குழாய் வழிச் சிகிச்சையில் மண்டையைத் திறக்காமல், தொடைத் தமனி வழியாகச் சென்று குமிழுக்குள் பிளாட்டினச் சுருள்களை நிரப்புவார்கள். 1990களின் தொடக்கத்தில் வந்த இம்முறை பல உயிர்களைக் காத்துள்ளது. குமிழின் வாய் முன்னால் வலைக்குழாய் விரித்து இரத்த ஓட்டத்தைத் திசைதிருப்பும் கருவிகள் அதற்குப் பின் வந்தவை. அவை பெரியவர்களின் தமனி அளவுக்கென்றே உருவாக்கப்பட்டவை. குழந்தைகளுக்கும் பயன்படுத்துகிறார்கள், நல்ல பலனும் கிடைக்கிறது. ஆனால் கருவி பொருத்தியபின் இரத்தம் உறைவதைத் தடுக்கும் இரண்டு மருந்துகளை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். ஓடி விழும் வயதில் அது எளிதல்ல. அண்மையில் இரத்தம் கசிந்த குழந்தைக்கு அம்மருந்துகளே ஆபத்தாகலாம்.

முடிவெடுக்கும்போது ஒரு கேள்வியை எப்போதும் முன்னால் வைக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து: இந்தச் சிகிச்சை இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும்? எழுபது வயதுக்காரருக்குப் பதினைந்து ஆண்டு தாங்கும் அடைப்பு போதுமானதாக இருக்கலாம். ஏழு வயதுக் குழந்தையின் தமனி அறுபது எழுபது ஆண்டு உழைக்க வேண்டும், அதற்கிடையில் வளரவும் வேண்டும். குமிழை மூடுவது பாதி வேலை. அதற்கு அப்பால் உள்ள மூளைக்கு ஆயுள் முழுதும் இரத்தம் போய்க்கொண்டிருக்கச் செய்வது மீதி. இவ்விரண்டு முறைகளையும் அறிந்த மருத்துவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து பேசி எடுத்த முடிவா என்று தயங்காமல் கேளுங்கள்.

கிளிப் போடுவது என்றால் என்ன செய்வார்கள்?

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வால்ட்டர் டாண்டி 1937இல் ஒரு வெள்ளிக் கிளிப்பைக் குமிழின் கழுத்தில் பொருத்தினார். அடிப்படைத் தத்துவம் இன்றும் அதுதான். கழுத்தை நெரித்துவிட்டால் குமிழுக்குள் இரத்தம் புகாது, தமனியில் ஓட்டம் தடைபடாது.

நெற்றிக்கும் காதுக்கும் இடையே, முடி வளரும் எல்லைக்குள், தோலைக் கீறி எலும்பில் ஒரு சாளரம் திறப்பார்கள். நுண்ணோக்கியின் கீழ், மூளையின் இரண்டு மடல்களுக்கு நடுவே இயற்கையாகவே உள்ள இடுக்கைச் சிலந்தி வலை போன்ற சவ்வை நறுக்கி நறுக்கி விரிப்பார்கள். மூளையை வெட்டிக்கொண்டு போவதில்லை. தமனி கண்ணுக்குத் தெரிந்ததும் குமிழைத் தொடுவதற்கு முன் அதற்கு முன்பின் உள்ள தமனியைத்தான் தேடுவார்கள். குமிழ் கிழிந்தால் சில நிமிடங்கள் ஓட்டத்தை நிறுத்துவதற்கு அங்கே தற்காலிகக் கிளிப் வைக்க இடம் வேண்டும். பிறகே டைட்டானியத்தால் ஆன நிரந்தரக் கிளிப். அதன் பிடி தற்காலிகக் கிளிப்பைவிட வலுவானது. கிளிப்பின் இரு இதழ்களும் கழுத்தைக் கவ்வியபின் உடனே மூடிவிடுவதில்லை. இதழ்களின் முனை மறுபுறம் எந்த நுண்தமனியையாவது சேர்த்துப் பிடித்துவிட்டதா என்று பார்ப்பார்கள். தலைமயிர் அளவுள்ள அந்த ஒரு கிளை அகப்பட்டால் குழந்தையின் ஒரு கை இயங்காமல் போகலாம். இரத்தக்குழாயில் பச்சைச் சாயம் செலுத்தி அகச்சிவப்பு ஒளியில் பார்த்தால் ஓட்டம் உள்ள தமனிகள் திரையில் வெண்மையாக மின்னும், குமிழ் இருண்டிருக்கும். இருளவில்லை என்றால் கிளிப்பைக் கழற்றி மறுபடி பொருத்துவார்கள்.

ராட்சதக் குமிழ் ஒரு கிளிப்புக்கு அடங்காது. அதன் இறுக்கத்தைக் குறைக்க முன்பின் தமனியை மூடி, உள்ளிருக்கும் இரத்தத்தை உறிஞ்சி எடுத்து, தேவையானால் திறந்து பழைய கட்டியை அகற்றி, பல கிளிப்புகளை அடுக்கித் தமனியின் குழாய் வடிவத்தையே மீண்டும் உருவாக்க வேண்டியிருக்கும். சில நேரங்களில் அடினோசின் என்ற மருந்தால் இதயத் துடிப்பைச் சில நொடிகள் நிறுத்திக் குமிழைத் துவளச் செய்வார்கள். உடலைச் சுமார் 18 டிகிரி செல்சியஸுக்குக் குளிரூட்டி இரத்த ஓட்டத்தையே நிறுத்தி அறுவை செய்யும் முறையும் உண்டு. இப்போது அது மிக அரிதாகவே கையாளப்படுகிறது.

கிளிப்பே போட முடியாது என்கிறார்கள். பைபாஸ் என்றால் இதயத்தில் செய்வதுபோலவா?

தத்துவம் ஒன்றுதான். அடைக்கப் போகும் தமனிக்கு அப்பால் இரத்தம் கொண்டுசெல்ல மாற்று வழி அமைப்பது. மூளையில் இதைத் துருக்கியரான காசி யாசர்கில் 1967இல் சூரிச் நகரில் செய்து காட்டினார். காதுக்கு முன்னால் விரல் வைத்தால் துடிப்பு தெரிகிறதே, அந்த நெற்றிப்பொட்டுத் தமனியைத் தோலுக்கடியிலிருந்து பிரித்தெடுத்து, எலும்பில் திறந்த வழியாக உள்ளே கொண்டுசென்று, மூளையின் மேற்பரப்பிலுள்ள ஒரு தமனிக் கிளையோடு தைப்பார்கள்.

தைக்கும் நூல் சுமார் 0.02 மி.மீ. தடிமன் உடையது. தலைமயிரின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. குழந்தையின் தமனியோ ஏறக்குறைய 1 மி.மீ. குறுக்களவு. அந்த வாயைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு தையல்கள். ஒவ்வொரு தையலும் மேல் சுவரோடு கீழ்ச் சுவரையும் சேர்த்துத் தைத்துவிடாதபடி பார்க்க வேண்டும், அதுவும் அந்தக் கிளையில் ஓட்டம் நின்றிருக்கும் இருபது முப்பது நிமிடங்களுக்குள். வளரும் குழந்தைக்குத் தொடர்தையலைவிடத் தனித்தனி முடிச்சுகள் ஏற்றவை. தமனி பருக்கும்போது இணைப்பும் சேர்ந்து விரிய இடம் கிடைக்கும்.

பெரிய தமனியையே மூட வேண்டியிருந்தால் இந்தச் சிறு ஓட்டம் போதாது. முன்கையின் ஆரத் தமனியையோ காலின் சிரையையோ எடுத்துக் கழுத்திலிருந்து மூளைக்குப் பாலம் போடுவார்கள். இங்கேதான் குழந்தை உடலின் சிறுமை குறுக்கே நிற்கிறது. கைத் தமனி மிகச் சிறியதாக இருக்கும், கால் சிரை மூளைத் தமனிக்குப் பொருந்தாத தடிமனில் இருக்கும். அதனால் குழந்தைகளில் மூளைக்குள்ளேயே தீர்வு தேடுவது பல சமயம் சிறப்பாக அமைகிறது. அருகருகே ஓடும் இரு தமனிகளைப் பக்கவாட்டில் இணைப்பது ஒரு வழி. குமிழ் உள்ள துண்டை வெட்டியெடுத்து இரு முனைகளையும் நேருக்கு நேர் தைத்துவிடுவது இன்னொன்று. வேறிடத்திலிருந்து குழாய் எதுவும் எடுக்க வேண்டாம், நோயுற்ற சுவர் முழுதாக நீங்குகிறது, குழந்தையின் சொந்தத் தமனியே அதனோடு சேர்ந்து வளர்கிறது. இடம் வாய்க்கும்போது இதைவிட நேர்த்தியான தீர்வு வேறில்லை என்றே நினைக்கிறோம்.

பைபாஸுக்குப் பின் ஆஸ்பிரின் கொடுப்பது வழக்கம். அந்த நாட்களில் குழந்தைக்குச் சின்னம்மையோ ஃப்ளூ காய்ச்சலோ வந்தால் உடனே மருத்துவரை அழையுங்கள். ஆஸ்பிரினும் அந்த வைரஸ் நோய்களும் சேர்ந்தால் ரே நோய் என்ற அரிதான, கடுமையான பாதிப்பு வரலாம்.

தமனியை ஒரேயடியாகக் கட்டிவிட்டால் போதாதா?

சில குழந்தைகளுக்குப் போதும். 1785இல் லண்டனில் ஜான் ஹண்டர் முழங்காலுக்குப் பின்னாலிருந்த குமிழுக்குத் தமனியைக் கட்டிச் சிகிச்சை செய்தார். மூளைத் தமனிக்கும் அவர் பெயராலேயே அந்த முறை வழங்குகிறது. குழந்தைகளுக்கு மாற்று வழித் தமனிகள் வளமாக இருப்பதால் இதைப் பெரியவர்களைவிட நன்றாகத் தாங்கிக்கொள்வதுண்டு. ஆனால் ஒரு பக்கக் கரோட்டிட் தமனியை மூடினால் மறுபக்கத் தமனி இருவர் சுமையையும் தூக்குகிறது. அந்தக் கூடுதல் அழுத்தத்தால் பல ஆண்டுகள் கழித்து வேறிடத்தில் புதிய குமிழ் தோன்றலாம். முதியவருக்கு இது கவலைக்குரிய கணக்கு அல்ல. உங்கள் குழந்தைக்கு இது கணக்கில் வந்தே ஆக வேண்டும்.

கிருமித்தொற்றால் வந்த குமிழுக்கும் அறுவை சிகிச்சை வேண்டுமா?

எப்போதும் வேண்டியதில்லை. இதய வால்வில் வளர்ந்த கிருமிக்கட்டி உடைந்து மூளையின் கடைசிக் கிளைத் தமனிகளில் சிக்கி இத்தகைய குமிழை உண்டாக்குகிறது. வாத காய்ச்சலால் வால்வு பழுதான பிள்ளைகள் நம்மிடையே இன்னும் இருப்பதால் இதை மறக்கக் கூடாது. வெடிக்காதிருந்தால் 4 முதல் 6 வாரம் ஊசி வழி ஆன்டிபயாட்டிக் கொடுத்து, இடையிடையே படமெடுத்துப் பார்ப்பார்கள். சில குமிழ்கள் கரைந்தே போகின்றன. வெடித்தாலோ வளர்ந்தாலோ தலையிட வேண்டும். அதன் சுவர் கையோடு பிய்ந்து வரும் அளவுக்கு நைந்திருக்கும் என்பதால் கிளிப் நிற்பது அரிது. அந்தத் துண்டையே அகற்றுவார்கள் அல்லது குழாய் வழியாக அடைப்பார்கள்.

இவ்வளவு சிறிய உடல் இவ்வளவு பெரிய அறுவையைத் தாங்குமா?

குழந்தையின் உடலில் கிலோவுக்குச் சுமார் 80 மில்லிலிட்டர் இரத்தம்தான் இருக்கிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மொத்தம் 800 மில்லிலிட்டர், ஒரு லிட்டர்கூட இல்லை. பெரியவரிடம் பொருட்படுத்தத் தேவையில்லாத 100 மில்லிலிட்டர் இழப்பு அங்கே எட்டில் ஒரு பங்கு. ஆகவே தோலைக் கீறும் முன்பே பொருந்திய இரத்தம் அறைக்குள் வந்திருக்கும், தோலின் விளிம்பிலிருந்து கசியும் துளிகளைக்கூடக் கணக்கெடுப்பார்கள். குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதில் தனித்தேர்ச்சி பெற்றவர் இருப்பது அறுவை மருத்துவரின் கைத்திறனுக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. மிகச் சிறு குழந்தைகளின் மண்டையோடு மெல்லியது. பெரியவர்களுக்குச் செய்வதுபோல ஊசிமுனைப் பிடியில் தலையை இறுக்காமல் மெத்தென்ற தாங்கியில் வைப்பார்கள்.

என்னென்ன ஆபத்துகள் உண்டு?

அறுவையின் நடுவே குமிழ் வெடிப்பது, தமனி அடைபட்டுப் பக்கவாதம் வருவது, பைபாஸ் இணைப்பு அடைத்துக்கொள்வது, வலிப்பு, கிருமித்தொற்று, உயிரிழப்பு. இவற்றை மெல்லிய சொற்களால் மூடுவது நியாயமாகாது. எத்தனை விழுக்காடு என்பது குமிழின் இடம், வகை, ஏற்கெனவே வெடித்ததா இல்லையா என்பதைப் பொறுத்து மிகவும் மாறும் என்பதால், உங்கள் குழந்தைக்குரிய மதிப்பீட்டை அறுவை செய்பவரிடமே கேளுங்கள். எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆபத்து என்பதையும் அதே மூச்சில் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கையெழுத்திடும் தாளுக்குப் பொருள் இருக்கும். அதே அளவு பாதிப்பிலிருந்து பெரியவர்களைவிடக் குழந்தைகள் நன்றாக மீண்டு வருவது பலமுறை காணப்பட்ட உண்மை. வளரும் மூளை இழந்த வேலையை வேறு பகுதிகளுக்கு ஓரளவு மாற்றிக் கற்றுக்கொள்கிறது.

அறுவைக்குப் பின் ஐ.சி.யு.வில் எதைக் கண்காணிப்பார்கள்?

குமிழ் வெடித்திருந்த குழந்தையானால், கிளிப் போட்டதோடு ஆபத்து முடிந்துவிடவில்லை. மூளையைச் சுற்றிக் கசிந்த இரத்தம் தமனிகளை எரிச்சலூட்டி, ஏறக்குறைய நான்காம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை அவற்றைச் சுருங்கச் செய்யலாம். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை ஆறாம் நாள் சோர்ந்து போனால் பெற்றோர் நிலைகுலைந்துவிடுகிறார்கள். அறுவை தோற்றுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. நிமோடிபின் மருந்து, போதிய திரவம், இரத்த அழுத்தத்தைச் சீராக வைத்தல் ஆகியவற்றால் இதை எதிர்கொள்வார்கள். மூளை நீர் வடியாமல் தேங்கினால் தற்காலிக வடிகுழாயும், சிலருக்கு ஷன்ட் என்ற நிரந்தர வடிகுழாயும் தேவைப்படும். இரத்தத்தில் சோடியம் குறைவதையும் அடிக்கடி சோதிப்பார்கள்.

கிளிப் ஆயுள் முழுதும் உள்ளேயே இருக்குமா? எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

இருக்கும், கிளிப்பை வெளியே எடுக்கத் தேவையில்லை. டைட்டானியக் கிளிப்போடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். ஆனால் ஸ்கேன் அறையில் இருப்பவர் அதன் வகையைத் தெரிந்துகொள்ளாமல் உள்ளே அனுப்பமாட்டார். கிளிப்பின் நிறுவனம், மாதிரி எண் உள்ள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மீண்டும் வருமா?

வரக்கூடும். அதனால்தான் பின்தொடர் பரிசோதனையை விடக் கூடாது என்று வற்புறுத்துகிறோம். பின்லாந்தின் ஹெல்சிங்கியில், சிறு வயதில் இந்நோய்க்கு ஆளாகிப் பிழைத்த 59 பேரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்குப் பழைய குமிழ் மீண்டும் வளர்ந்திருந்தது அல்லது புதிய குமிழ் தோன்றியிருந்தது. அதற்குக் காரணமாகத் தெளிவாகத் தெரிந்தது ஒன்றுதான், புகைப்பழக்கம். வீட்டில் புகைப்பவர் இருந்தால் விடுவதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. பதினைந்து பதினாறு வயதில் பிள்ளையிடம் இதை வெளிப்படையாகவே பேசுங்கள்.

அறுவை முடிந்தபின் ஓர் ஆஞ்சியோகிராம், பிறகு முதல் ஆண்டில் ஒன்றிரண்டு படங்கள், அதன்பின் இடைவெளியை நீட்டிக்கொண்டே ஆயுள் முழுதும் என்ற முறையில் திட்டம் அமையும். கதிர்வீச்சைக் குறைக்க இயன்றவரை எம்.ஆர். ஆஞ்சியோகிராமைத் தேர்ந்தெடுப்பார்கள். கிளிப்பைச் சுற்றியுள்ள இடம் அதில் கருத்துத் தெரிவதால் சிலருக்கு மற்ற முறைகளும் தேவைப்படும்.

பள்ளிக்கு அனுப்பலாமா, விளையாட விடலாமா?

எலும்பு கூடியபின், மருத்துவர் சொன்ன தேதியிலிருந்து அனுப்பலாம். முதலில் அரை நாள் பள்ளி நல்லது. கைகால் நன்றாக இயங்கினாலும் கவனக்குறைவு, மறதி, விரைவில் களைப்படைதல் சில மாதம் இருக்கலாம். ஆசிரியர் அதைச் சோம்பல் என்று எண்ணிவிடாதபடி முன்கூட்டியே பேசிவிடுங்கள். தலையில் அடிபடும் விளையாட்டுகளைப் பற்றித் தனியே கேளுங்கள். தழும்பைக் காட்டிக் கேலி செய்யும் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்று குழந்தையோடு ஒருமுறை பேசிப் பழகிவிட்டால், முதல் நாள் வகுப்பறை அவ்வளவு கடினமாக இருக்காது.

உடன்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டுமா?

குடும்பத்தில் ஒரே ஒருவருக்கு மட்டும் இருந்தால் பொதுவாக வேண்டியதில்லை. பெற்றோர், உடன்பிறந்தோர் வட்டத்தில் இருவருக்கு இருந்தாலோ, மரபு நோய் உறுதியானாலோ பரிசோதிப்பது முறை.

எங்கள் பிள்ளைக்குப் பதினெட்டு வயதானதும் யாரிடம் காட்டுவது?

இந்தக் கட்டத்தில்தான் பலருடைய தொடர்பு அறுந்துபோகிறது. குழந்தைகள் பிரிவு இனி இங்கே வர வேண்டாம் என்கிறது, பெரியவர்கள் பிரிவுக்கு இவரைத் தெரியாது, பிள்ளையும் வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விடுகிறது. பதினாறு வயதிலேயே அடுத்த மருத்துவர் யார் என்று கேட்டு வையுங்கள். அறுவைக் குறிப்பு, கிளிப் அட்டை, முதல் ஆஞ்சியோகிராமும் கடைசி ஆஞ்சியோகிராமும் அடங்கிய குறுந்தகடுகள், எடுக்கும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றின் ஒரு படியை வீட்டிலும் இன்னொரு படியைப் பிள்ளையின் கையிலும் வைத்திருங்கள். பைபாஸ் செய்துகொண்டவரானால், காதுக்கு முன்னால் துடிக்கும் அந்தத் தமனி மூளைக்குள் போகிறது என்பதையும், அந்த இடத்தை அழுத்தும் தலைக்கவசமோ கண்ணாடிச் சட்டமோ கூடாது என்பதையும் அவரே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.